மதாம் லின்னின் கோழிச் சூப்பும் என் பத்தியக்கறியும்

என் இருதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருக்கிறார்கள். கடைக்கு வருகிற எல்லோரும் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்கு வராது. ஒருமுறை எழுதி வைத்தால் போதும் என்று எழுதுகிறேன்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் எனக்கு வேலை. பெட்டி உடைப்பது, வாடினதைக் கழிப்பது, கறிவேப்பிலையைச் சின்னப் பைகளில் கட்டுவது. போன குளிர்காலத்தில் லா ஷப்பேல் மெத்ரோ ரயில் நிலையத்துப் படி ஏற முடியாமல் வந்தது. பாதியில் நிற்பேன். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். வயது போகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்திருந்தபடியே நித்திரை கொண்டேன்.

ஒருநாள் வெண்டிக்காய்ப் பெட்டியைத் தூக்கும்போது கண் இருண்டது. விழித்துப் பார்த்தால் முதலாளி குனிந்து நிற்கிறார்.

"அக்கா, சாகிறதெண்டால் வீட்டை போய்ச் சாகுங்கோ. இஞ்சை செத்தால் கடையைப் பூட்டிப்போடுவாங்கள்" என்றார்.

சொல்லிக்கொண்டே ஆம்புலன்சுக்கு அடித்தவரும் அவர்தான்.

அவசரப் பிரிவில் தள்ளுகட்டிலில் நடைவழியில் விட்டார்கள். நெடுநேரம். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் சப்பாத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். என் கணவர் ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவின உடுப்போடு ஓடி வந்தார். கை இன்னும் ஊறிப்போய் இருந்தது. என் காலைப் போர்த்திவிட்டு நின்றார்.

நெஞ்சில் குளிரான களி பூசி, ஒரு கருவியை அழுத்திப் படம் பார்த்தார்கள். இருதயத்துக்குள் அறைகள் உண்டு. அறைக்கும் அறைக்கும் நடுவில் கதவு மாதிரி ஒன்று. அதுதான் வால்வு. என்னுடையது தடித்துப் பிசகி, சரியாகத் திறக்கவில்லையாம். இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை நனைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் மூச்சு.

"சின்ன வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்ததா?" என்று டொக்டர் கேட்டார்.

வந்தது. மன்னாரில். காய்ச்சல் இருதயத்தில் இறங்காமல் இருக்க மாதா மாதம் ஊசி போடச் சொன்னார்கள். சண்டை தொடங்கிப் பாதை பூட்டினார்கள். ஊசி நின்றது. அதை நான் மறந்தே போனேன். இருதயம் மறக்கவில்லை.

ஓல்னேயிலிருந்து மகள் ஷாமினி வந்தாள். டொக்டர் அவளிடம் நீளமாகப் பேசினார். அவள் என் பக்கம் திரும்பி, "மெக்கானிக் வால்வு ஒண்டு வைப்பினமாம். ஸே றியான், மமொ" என்றாள். ஒன்றுமில்லையாம். அவள் மூக்கு சிவந்திருந்தது. அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவு சின்னப் பதில் வராது. எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஒப்பரேஷன் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நெஞ்செலும்பைப் பிளந்து திறந்தார்கள், பிறகு கம்பியால் கட்டினார்கள். விழித்தபோது வாயில் குழாய், நெஞ்சில் குழாய், கழுத்தில் குழாய். இருமினால் நெஞ்சு இரண்டாகும் போல இருந்தது. இருமும்போது கட்டிப்பிடிக்க ஒரு சின்னத் தலையணை தந்தார்கள். அது பெரிய உதவி. இப்படி ஒப்பரேஷன் செய்யப் போகிறவர்கள் அதை முதலே கேட்டு வாங்குங்கள்.

காசுக்கு இந்த நாட்டில் பயமில்லை. கார்த் வித்தால் என்கிற மருத்துவக் காப்புறுதி அட்டை இருந்தது. பயம் வேறு.

குழாய்களைக் கழற்றி, இரண்டு பேர் படுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் மதாம் லின்.

சீனப் பெண். என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். தையல் வேலைத்தளத்தில் துணி வெட்டினவர். அவருக்கும் அதே வால்வு, அதே நெஞ்சுத் தழும்பு. அவருக்குப் பிரெஞ்சு என்னையும்விடக் குறைவு. "போன்ஜூர்", "மால்", "ஷோ", "ஃப்ருவா". வணக்கம், நோகுது, சூடு, குளிர். இந்த நான்கு சொல்லோடு எங்களுக்கு நாள் போனது.

ஜன்னல் பக்கக் கட்டிலில் கம்பளித் தொப்பியும் காலுறையும் போட்டுக்கொண்டு இருந்தார். காலையில் தாதி வந்து காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறப்பார். அவர் போனதும் மதாம் லின் என்னைப் பார்ப்பார். நான் எழும்பிப் போய்ப் பூட்டுவேன். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வைப்பார்கள். அவர் தொடமாட்டார். நானும் தொடவில்லை. நெஞ்சைத் திறந்து மூடின உடம்புக்குள் பச்சைத் தண்ணீரை விடுவதா? உடம்பு கழுவுகிற பெண் வந்து தலை முழுகச் சொன்னாள். மதாம் லின் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்தேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டது யார்?" என்று கேட்டாள்.

பின்னேரத்தில் மதாம் லின்னின் மருமகள் மெய் வருவாள். முப்பது வயதிருக்கும். நல்ல பிரெஞ்சு. ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தல் கொண்டு வருவாள். உள்ளே சூப். கறுத்த தோல் உள்ள கோழி, இஞ்சி, சிவப்பாகச் சுருங்கின இலந்தைப்பழம் மாதிரி ஒன்று, கொட்டைப்பாக்கைவிடச் சின்ன இன்னொரு சிவப்புப் பழம், வெட்டின ஒரு வேர். அந்த வேருக்குச் செலரித் தண்டின் மணம். ஒப்பரேஷனில் போன இரத்தம் திரும்ப ஊறவேண்டும், ஊறின இரத்தம் ஓடவேண்டும், அதற்குத்தான் என்று மெய் சொன்னாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்கும் ஒரு கோப்பை வந்தது. "மாமி தரச் சொன்னா. உங்கட முகத்தில இரத்தமில்லையாம்" என்றாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் இப்படித்தான் விளங்கினேன். ஒருவர் தருகிற சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல நான் பழகவில்லை. குடித்தேன். நல்ல சூப். நெஞ்சு வரைக்கும் சூடு இறங்கியது.

வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? என் கணவர் எனக்குப் பத்தியக்கறி கொண்டு வருவார். பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கிற கறி. மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி என்கிற பூண்டு. அவர் உள்ளியை முழுசு முழுசாகப் போடுவார். ஒரு கிண்ணம் மதாம் லின்னுக்குப் போனது. அவர் உள்ளியை ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாப்பிட்டு, என் கணவரைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார்.

"பாத்தீரே, சீனாவில எனக்கு மதிப்பிருக்கு" என்றார் இவர்.

"வீட்டில கழுவாத சட்டி அப்பிடியே இருக்கும். சீனாக்கு அது தெரியாது" என்றேன்.

இனிக் குளிசை, அதாவது மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். உடம்புக்குள் இரும்பு மாதிரி ஒரு சாமான் இருந்தால், அதில் இரத்தம் கட்டிக்கொள்ளப் பார்க்கும். கட்டி கழன்று தலைக்குப் போனால் பாரிசவாதம். வால்வை அடைத்தால் சாவு. அதனால் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, சாகும்வரை. ஆனால் கூடினால் இரத்தம் நிற்காமல் ஓடும். அதனால் இரத்தம் குத்தி எடுத்து ஒரு எண் பார்ப்பார்கள். இ-என்-எர் என்பார்கள். இரண்டு எல்லைக்கு நடுவில் அது நின்றால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் எண் ஏறியது. குளிசையைக் குறைத்தார்கள். இன்னும் ஏறியது. எனக்குப் பல் விளக்கினால் இரத்தம். கையில் தொட்ட இடமெல்லாம் நாவற்பழ நிறம். டொக்டர் வந்து கேட்டார். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?"

"இல்லை" என்றேன்.

மதாம் லின்னிடம் கேட்டார். மெய் கேட்டுச் சொன்னாள். "இல்லை."

பொய் இல்லை. ஒருவரும் மருந்து எடுக்கவில்லை. சூப் சாப்பாடு. பத்தியக்கறி சாப்பாடு.

அடுத்த நாள் காலை மதாம் லின்னின் மூக்கால் இரத்தம் வந்தது. நிற்கவில்லை. தொப்பி, சட்டை, தலையணை எல்லாம் சிவப்பு. அவர் சத்தம் போடவில்லை. கையைக் கிண்ணம் மாதிரி மூக்கின் கீழ் பிடித்துக்கொண்டு, கீழே சிந்தவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இரத்தம் வீணாகப் போகிறதே என்கிற முகம். நான் மணியை அமத்தினேன். ஓடி வந்து மூக்குக்குள் பஞ்சு அடைத்து, ஊசி போட்டு, கட்டிலோடு கொண்டு போனார்கள். நான் செபமாலையை எடுத்தேன். யாருக்காகச் சொல்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன். அவருடைய எண்ணும் என்னுடைய எண்ணும் ஒன்றாகத்தான் ஏறியிருந்தது.

பின்னேரம் திரும்பக் கொண்டு வந்தார்கள். மெழுகு மாதிரி இருந்தார். அப்போதுதான் டொக்டர் மேசையில் இருந்த சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். "இது என்ன?" மெய் சொன்னாள். டொக்டரின் முகம் மாறியது. "அந்தெர்தி" என்றார். தடை. போத்தலைத் தாதியிடம் கொடுத்தார். மெய் அந்த இடத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாமிக்கு வைத்த சூப்பை நாலு பேருக்கு முன்னால் நஞ்சு மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்க எனக்கே கூசியது.

என்னுடைய கறிச்சட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. அது அலுமாரிக்குள் இருந்தது.

இரண்டு பேருக்கும் குளிசையை நிறுத்தி, எண் இறங்கினதும் திரும்பத் தொடங்கினார்கள். அன்றைக்கு மதாம் லின் வாயைத் திறக்கவில்லை. தாதி குளிசையை நீட்ட நீட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெய் எனக்கு விளங்கப்படுத்தினாள். "மாமி சொல்லுறா, இந்தச் சூப்பைக் குடிச்சு ஒருத்தரும் இரத்தம் கக்கினதில்லையாம். இவையளின்ர குளிசையை விழுங்கித்தான் கக்கினதாம். சூப்பைத் தாங்கோ, இல்லாட்டி வீட்டை விடுங்கோ எண்டுறா."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் அந்தக் குளிசையைப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் அன்று விழுங்கினதாகக் காட்டிவிட்டுக் கன்னத்துக்குள் வைத்திருந்தேன். பிறகு, விழுங்காவிட்டால் இரத்தம் கட்டிவிடுமே என்ற பயமும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மதாம் லின்னின் மகன் வந்தார். மெய்யின் புருஷன். டொக்டர் அவரிடம் கடுமையான முகத்தோடு நீளமாகப் பேசினார். குளிசை இல்லாவிட்டால் வால்வு அடைபடும், வாதம் வரும், சாவு வரும். அவ்வளவும் எனக்கே விளங்கியது. மகன் தாயின் பக்கம் திரும்பி, மெதுவாக இரண்டு சொல் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு ஷாமினியின் மூக்கு நினைவு வந்தது. தாயின் முகத்துக்கு நேரே சாவு என்ற சொல்லைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அவர்களுடைய வழக்கத்தில் அது இன்னும் கூடாதாம். சொன்னாலே வந்துவிடுமாம்.

ஆகவே மதாம் லின்னுக்குக் காரணம் தெரியாது. நாள் போனது. உள்ளே இரும்பு இருந்தது. குளிசை உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள் காலை மருத்துவமனையின் பார்மசியிலிருந்து ஒரு பெண் வந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. நிற்கவில்லை. கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். தொலைபேசியில் சீனமொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒலியைக் கூட்டிக் கட்டிலில் வைத்தார். மெய்யும் இருந்தாள். மருந்து பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வீட்டிலிருந்து என்ன சாப்பிட வருகிறது? என்ன குடிக்க வருகிறது?" என்று கேட்டார்.

மெய் வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். ஏற்கெனவே ஒருமுறை பட்டது போதும் அவளுக்கு. நான் எழும்பினேன். அலுமாரியைத் திறந்து என் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன். மூடியைத் திறந்தேன். உள்ளி மணம் அறையெல்லாம் பரவியது.

"என்னுடையது. அவவும் சாப்பிட்டா. அவவின்ர சூப்பை நானும் குடிச்சன்" என்றேன், என் உடைந்த பிரெஞ்சில்.

அவர் சிரிக்கவில்லை. கரண்டியால் கிளறி உள்ளியை எண்ணினார். பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார். "இது கறியா, உள்ளித் தோட்டமா?" என்றார். மெய்க்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் வாய் திறந்தாள். கோழி, இஞ்சி, அந்தப் பழம், இந்தப் பழம், வேர்.

"அந்த வேர் எதற்கு?"

"இரத்தம் ஓடுறதுக்கு."

"என் குளிசையும் அதற்குத்தான்" என்றார் அந்தப் பெண். "இரண்டும் ஒரே வேலை செய்கிறது. ஒரு வண்டிலை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் பள்ளத்தில் போய்விடும். சின்னச் சிவப்புப் பழமும் சேர்ந்து தள்ளுகிறது. கொஞ்சம் உள்ளியும்."

தொலைபேசிக்குள் இருந்த குரல் சீனத்தில் சொன்னது. மதாம் லின் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். முதல்தடவையாக அவருடைய சூப்பைக் கூடாது என்று சொல்லாமல், அதற்குப் பலம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார். குரல் அதைப் பிரெஞ்சில் சொன்னது.

"அப்படியென்றால் குளிசையை விட்டுவிட்டு வேரை வைத்துக்கொள்ளலாமே?"

நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை.

"வேர் எங்கே வாங்குகிறீர்கள்? எல்லாக் கடையிலும் ஒரே பலமா?"

மதாம் லின் கையை ஆட்டினார். இல்லையாம். ஒரு கடையில் நல்லது. ஒரு கடையில் வெறும் குச்சி. ஒரே கடையிலும் போன வருஷத்தது வேறு, இந்த வருஷத்தது வேறு.

"அதுதான். குளிசை எவ்வளவு தள்ளும் என்று எனக்குத் தெரியும். வேர் எவ்வளவு தள்ளும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உள்ளே வைத்த வால்வு குளிர்ந்த சட்டி மாதிரி. கொழுப்பு ஒட்டுகிற மாதிரி இரத்தம் அதில் ஒட்டப் பார்க்கும். ஒவ்வொரு நாளும் அளவாகத் தள்ளவேண்டும்."

சாவு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டார்.

மதாம் லின் பேரம் பேசினார். சந்தையில் பேசுகிற மாதிரி. கோழி இருக்க வேண்டும். இருக்கட்டும். இஞ்சி? கொஞ்சம். பெரிய சிவப்புப் பழம்? இருக்கலாம், அளவு கூட்டிக் குறைக்கக் கூடாது. வேரும் சின்னப் பழமும் இல்லை. புதிதாக எதைப் போட்டாலும் முதலில் சொல்ல வேண்டும். என் பக்கம் திரும்பி, "உங்கள் கறிக்கும் அப்படித்தான். உள்ளியைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றார்.

பின்னேரம் கணவருக்குச் சொன்னேன்.

"உள்ளி இல்லாமப் பத்தியக்கறியோ? அதுக்குப் பேர் சுடுதண்ணி."

"அப்ப சுடுதண்ணி கொண்டு வாங்கோ" என்றேன்.

நான் மெய்யிடம் கேட்டேன், சீனர் எல்லோரும் இப்படியா என்று. அவள் சிரித்தாள். "என்ர அம்மா குளிசையை மிட்டாய் மாதிரி விழுங்குவா. மாமி மாமிதான்." எங்கள் ஆட்களிலும் அப்படித்தான். கறிவேப்பிலை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தலைமயிருக்கு என்கிறார்கள், மற்றவர்கள் சுகருக்கு என்கிறார்கள், ஒருவர் முயலுக்கு என்றார். கேட்டால்தான் தெரியும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டொக்டர் மருந்து பற்றிக் கேட்டால், சட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கஷாயம், ரசம், பத்தியம், பக்கத்துக் கட்டிலார் தந்தது, எல்லாம். அவர்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

அன்று மாலை மெய் வேரில்லாத சூப் கொண்டு வந்தாள். மதாம் லின் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து மருமகளிடம் ஏதோ சொன்னார். "செத்த கோழி குளிச்ச தண்ணியாம்" என்றாள் மெய். ஆனாலும் கோப்பையை வைக்கவில்லை. முழுவதையும் குடித்தார்.

தாதி இரண்டு சின்னக் கிண்ணத்தில் குளிசைகளைக் கொண்டு வந்து வைத்தார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஒரே குளிசை. மதாம் லின் தன்னுடையதை உள்ளங்கையில் எடுத்தார். வாயருகே கொண்டு போகவில்லை. என்னைப் பார்த்தார். நீ முதலில், என்று நாடியை முன்னே நீட்டிக் காட்டினார்.

என் கையில் நாவற்பழ நிறம் இன்னும் மாறவில்லை. தண்ணீரை எடுத்தேன். குளிசையை நாக்கில் வைத்து விழுங்கினேன். கன்னத்துக்குள் ஒன்றும் இல்லை என்று வாயைத் திறந்து காட்டினேன்.

அவர் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தன்னுடையதை வாயில் போட்டுக்கொண்டார்.